போஸ்ட்கிரெஸ் சர்வர் திணறும்போது எங்கே கைவைப்பது

"ஆப் சுத்திக்கிட்டே இருக்கு, டேட்டாபேஸைக் கொஞ்சம் பாருங்க" என்று மெசேஜ் வந்தால், பொறுப்புக்குப் புதிதாக வந்தவர் பெரும்பாலும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து மெமரி எண்களைக் கூட்டிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்வார். ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் பறக்கும். எதையோ பிடித்துக்கொண்டிருந்த கனெக்ஷன்கள் அறுந்து, பூட்டுகள் விடுபட்டதுதான் அதற்குக் காரணம். எண்ணை மாற்றியது அல்ல. அரைமணி கழித்துப் பழைய கதை திரும்பும். "மெமரியைக் கூட்டினால் சரியாகும்" என்ற தவறான பாடம் மட்டும் மனதில் தங்கிவிடும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் மெதுவானால் அதற்குள் யாரோ எதற்காகவோ காத்திருக்கிறார்கள். பூட்டுக்காக (ஒருவர் கைவைத்த டேட்டாவை அவர் விடும்வரை மற்றவர் மாற்றாமல் தடுப்பது) இருக்கலாம், டிஸ்க்குக்காக இருக்கலாம், சிபியுவுக்காக இருக்கலாம். எதற்காக என்று தெரியும்வரை எந்த எண்ணையும் தொடாதீர்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது உபுண்டுவில் ஓடும் போஸ்ட்கிரெஸ் 16. 4 கோர், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க், டேட்டாபேஸுக்கு மட்டுமே ஒதுக்கிய மெஷின். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு அப்படியே வரும்.

முதலில், சர்வர் உயிரோடு இருக்கிறதா

மெதுவாக ஓடுவது ஒரு நோய், கனெக்ஷனே கிடைக்காதது வேறு நோய். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று அடித்தால் எந்த வெர்ஷன், எந்த போர்ட், ஆன்லைனா டவுனா என்று ஒரே வரியில் தெரியும். வழக்கமான போர்ட் 5432. ஒரே மெஷினில் பழைய வெர்ஷனும் புதியதும் சேர்ந்து இருந்தால் ஒன்று 5433-க்குப் போயிருக்கும். அப்கிரேடுக்குப் பின் "டேட்டாவையே காணோம்" என்ற அலறலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

"கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் சர்வர் ஓடவில்லை, அல்லது எந்த முகவரியில் கனெக்ஷனை ஏற்பது என்று சொல்லும் லிசன்_அட்ரஸஸ் செட்டிங் இன்னும் லோக்கல்ஹோஸ்டிலேயே நிற்கிறது. "நோ பிஜி_ஹெச்பிஏ என்ட்ரி" என்றால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் ஐபியை உள்ளே விடும் விதிதான் எழுதப்படவில்லை. "டூ மெனி கிளையண்ட்ஸ்" என்றால் கனெக்ஷன் கோட்டா தீர்ந்துவிட்டது. இயல்பான கோட்டா 100, அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை. அந்த மூன்றும் இருப்பதால்தான் நெருக்கடியிலும் நீங்கள் போஸ்ட்கிரெஸ் யூசராக உள்ளே நுழைய முடிகிறது. ஆப் சூப்பர்யூசராகவே கனெக்ட் ஆகும்படி யாராவது வைத்திருந்தால் அந்த அவசர வாசலையும் ஆப் அடைத்துவிடும். அதை இன்றே மாற்றுங்கள்.

சர்வர் தானாக விழுந்து எழுந்திருந்தால் லாகை (பதிவேட்டை)ப் பாருங்கள். உபுண்டுவில் வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டரில் இருக்கும். "டெர்மினேட்டட் பை சிக்னல் 9" என்ற வரி இருந்தால், ரேம் தீர்ந்து லினக்ஸ் கெர்னலே ஒரு ப்ராசஸைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். டிமெஸ்ஜி (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டில் "அவுட் ஆஃப் மெமரி" என்று அதே நேரத்தில் பதிவாகியிருக்கும். ஒரு ப்ராசஸ் அப்படிச் செத்தால் போஸ்ட்கிரெஸ் எல்லாக் கனெக்ஷனையும் துண்டித்து ரெகவரி ஓட்டித்தான் எழும். இதனால்தான் மாட்டிக்கொண்ட க்வெரியைக் கில் மைனஸ் 9 கொடுத்து முடிக்கக் கூடாது. ஒருவரை வெளியேற்ற முழு வீட்டையும் இடித்தது மாதிரி ஆகும்.

இப்போது யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள்

போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை அடிக்கும் பிஎஸ்க்யூஎல்லில் நுழைந்து இதை ஓட்டுங்கள் (பிஐடி என்பது ஒவ்வொரு கனெக்ஷனின் ப்ராசஸ் எண்):

செலக்ட் பிஐடி, ஸ்டேட், வெயிட்_ஈவென்ட்_டைப், வெயிட்_ஈவென்ட், நவ்() - எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட், லெஃப்ட்(க்வெரி, 80) ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வேர் ஸ்டேட் <> 'ஐடில்' ஆர்டர் பை எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட்;

ஒருமுறை ஓட்டியதும் முடிவுக்கு வராதீர்கள். அடுத்து பின்சாய்வுக்கோடு போட்டு வாட்ச் 2 என்று அடித்தால் இரண்டு நொடிக்கு ஒருமுறை தானாக ஓடும். ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். திரும்பத் திரும்ப எந்த வரி நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

வெயிட்_ஈவென்ட்_டைப் காலியாக இருந்து ஸ்டேட் "ஆக்டிவ்" என்றால் அந்தக் க்வெரி சிபியுவைத் தின்றுகொண்டிருக்கிறது. "ஐஓ" என்றும் பக்கத்தில் "டேட்டாஃபைல்ரீட்" என்றும் இருந்தால் டிஸ்க்கிலிருந்து பக்கங்களை இழுத்துக்கொண்டிருக்கிறது. "லாக்" என்றால் இன்னொருவர் பிடித்த பூட்டுக்கு வரிசையில் நிற்கிறது. "கிளையண்ட்" என்றால் போஸ்ட்கிரெஸ் தன் வேலையை முடித்துவிட்டு உங்கள் ஆப்புக்காகக் காத்திருக்கிறது. இந்தக் கடைசி வகை பக்கம் பக்கமாக வந்தால் ஆப் டீமிடம் பேச வேண்டிய நேரம்.

ஒரு பொறி: ஸ்டேட் "ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்" (ட்ரான்ஸாக்ஷன் என்பது பிகினில் தொடங்கிக் கமிட்டில் முடியும் ஒரு தொகுப்பு) என்று இருக்கும் வரியில் க்வெரி பத்தியில், அதாவது அந்த நெடுவரிசையில், தெரிவது இப்போது ஓடும் க்வெரி அல்ல, கடைசியாக ஓடி முடிந்தது. அப்பாவியாக ஒரு செலக்ட் தெரியும். அதற்கு முன் அதே ட்ரான்ஸாக்ஷனில் ஓடிய அப்டேட்தான் பூட்டைப் பிடித்திருக்கும், அது இங்கே தெரியாது.

பூட்டுச் சங்கிலி

பூட்டுப் பிரச்சினை என்று தெரிந்தால் சங்கிலியின் தலையைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலே உள்ள க்வெரியில் பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ்(பிஐடி) என்ற ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் யார் தடுக்கிறார்கள் என்று அடைப்புக்குள் எண்கள் வரும். 40 பேர் தடைபட்டு நிற்கலாம். மற்றவர்களைத் தடுத்துக்கொண்டு, ஆனால் தன்னை யாரும் தடுக்காத ஒரு பிஐடி இருக்கும். அதுதான் தலை. பெரும்பாலும் அது "ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்" நிலையில் இருக்கும்: பிகின் போட்டு, ஒரு வரியை அப்டேட் செய்து, கமிட்டுக்கு முன் பேமென்ட் கேட்வேயின் பதிலுக்காகக் காத்திருக்கும் ஆப் கோட், அல்லது டெஸ்க்டாப் டூலில் அப்டேட் அடித்துவிட்டுக் கமிட் செய்யாமல் சாப்பிடப் போனவர்.

பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் ஓடிக்கொண்டிருக்கும் க்வெரியை மட்டும் நிறுத்தும். சும்மா இருக்கும் ட்ரான்ஸாக்ஷனை அது தொடாது; அதற்கு பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட்தான். அந்த ட்ரான்ஸாக்ஷன் செய்த வேலை ரோல்பேக் ஆகும் (பழைய நிலைக்குத் திரும்பும்), டேட்டா கெடாது.

இன்னொரு வடிவம் புதியவர்களை நிறையக் குழப்பும். பெரிய ரிப்போர்ட் க்வெரி ஒன்று ஆர்டர்ஸ் டேபிளில் 20 நிமிடமாக ஓடுகிறது. செலக்ட் மட்டும்தான், யாருக்கும் தொல்லை இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் ஆல்டர் டேபிள் போட்டு ஒரு பத்தி சேர்க்கிறார். அது முழுப் பூட்டு கேட்கும், ஆகவே ரிப்போர்ட் முடியும்வரை காத்திருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான்: பின்னால் வரும் சாதாரண செலக்ட்கள்கூட அந்த ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிடும். நொடியில் முடியவேண்டிய ஆல்டர், முழு ஆப்பையும் 20 நிமிடம் படுக்கவைக்கும். தீர்வு எளிது. ஆல்டருக்கு முன் அதே செஷனில் செட் லாக்_டைம்அவுட் = '3எஸ்' போடுங்கள். மூன்று நொடியில் பூட்டு கிடைக்காவிட்டால் ஆல்டர் தோற்று விலகும். சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். இரவு பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் ஓடும் நேரத்தில் மைக்ரேஷன் (இப்படி டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) வைத்துக்கொள்ளாதீர்கள். டம்ப் எல்லா டேபிளிலும் வாசிப்புப் பூட்டைக் கடைசிவரை பிடித்திருக்கும், அதே விபத்து நடக்கும்.

நிரந்தரத் தடுப்புக்கு ஐடில்_இன்_ட்ரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற செட்டிங் இருக்கிறது. இயல்பில் 0, அதாவது அணைந்தே இருக்கும். வெப் ஆப்புக்கு 1 நிமிடம் தாராளம். கூடவே லாக்_லாக்_வெயிட்ஸைத் தமிழில் "பூட்டுக் காத்திருப்பைப் பதிவு செய்" என்று புரிந்துகொண்டு ஆன் செய்யுங்கள். பெயரில் இரண்டு "லாக்" வந்தாலும் முதலாவது பதிவேடு, இரண்டாவது பூட்டு. ஒரு நொடிக்கு மேல் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று லாக் ஃபைலில் எழுதி வைக்கும்.

எந்தக் க்வெரியைத் திருத்துவது

பூட்டு இல்லை, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால், ஒவ்வொரு க்வெரியும் எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் வேண்டும். ஷேர்ட்_ப்ரீலோட்_லைப்ரரீஸில் அதன் பெயரைச் சேர்த்து சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, டேட்டாபேஸுக்குள் கிரியேட் எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். ரீஸ்டார்ட் தேவைப்படுவதால் சர்வரை அமைக்கும் முதல் நாளே இதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். பிரச்சினை வந்த பிறகு ரீஸ்டார்ட் செய்தால் பிரச்சினையும் ஓடிவிடும்.

பிறகு டோட்டல்_எக்ஸெக்_டைம் இறங்குவரிசையில் முதல் பத்தைப் பாருங்கள். சராசரி நேரத்தின்படி வரிசைப்படுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மாதத்துக்கு ஒருமுறை 40 நொடி ஓடும் ரிப்போர்ட் அந்தப் பட்டியலில் முதலில் வந்து நிற்கும்; அதைத் திருத்தி யாருக்கும் லாபமில்லை. 8 மில்லிநொடி எடுத்து ஒரு நாளில் 50 லட்சம் முறை ஓடும் க்வெரி மொத்தம் 11 மணிநேரத்துக்கு மேல் தின்கிறது. அதை 1 மில்லிநொடிக்குக் கொண்டுவந்தால் சர்வரே மூச்சு விடும்.

எக்ஸ்பிளெயின் வாசிப்பது

க்வெரியைப் பிடித்தாயிற்று. அதைப் போஸ்ட்கிரெஸ் எந்த வழியில் ஓட்டுகிறது என்று பார்க்க, இப்போது முன்னால் எக்ஸ்பிளெயின் (அனலைஸ், பஃபர்ஸ்) சேர்த்து ஓட்டுங்கள். அனலைஸ் சேர்த்தால் க்வெரி உண்மையிலேயே ஓடும் என்பதை மறக்காதீர்கள். டெலீட்டையோ அப்டேட்டையோ சோதிப்பதென்றால் பிகின் போட்டு, எக்ஸ்பிளெயின் ஓட்டி, ரோல்பேக் செய்யுங்கள்.

42 லட்சம் ரோ உள்ள ஆர்டர்ஸ் டேபிளில், ஒரு வாடிக்கையாளரின் நிலுவை ஆர்டர்களில் கடைசி 20-ஐ எடுக்கும் க்வெரி என்று வையுங்கள். நிபந்தனை கஸ்டமர்_ஐடி = 7315, ஸ்டேட்டஸ் = 'பெண்டிங்'; வரிசை ஆர்டர்_டேட் இறங்குமுகம். வெளியீட்டின் நடுவில் இப்படி ஒரு துண்டு வரும்:

பாரலல் சீக் ஸ்கேன் ஆன் ஆர்டர்ஸ் (ஆக்சுவல் டைம்=3.1..871.4 ரோஸ்=55 லூப்ஸ்=3)
ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்: 1399945
பஃபர்ஸ்: ஷேர்ட் ஹிட்=1204 ரீட்=54046

"ரோஸ்=55" என்பதைப் பார்த்து 55 ரோதான் கிடைத்தது என்று படித்தால் தவறு. ரோ எண்ணிக்கையும் நேரமும் ஒரு லூப்புக்கான சராசரி. மூன்று ப்ராசஸ்கள் பங்குபோட்டு ஓடியிருக்கின்றன; 55-ஐ மூன்றால் பெருக்கினால் சுமார் 164 என்ற உண்மையான எண் வரும். அதேபோல் தூக்கியெறிந்தவை 13 லட்சத்துச் சொச்சம் அல்ல, அதைப்போல் மூன்று மடங்கு, கிட்டத்தட்ட டேபிள் முழுவதும். 164 ரோவுக்காக 42 லட்சத்தையும் புரட்டியிருக்கிறது. பஃபர் எண்களைக் கூட்டினால் 55,250 பக்கம். ஒரு பக்கம் 8 கேபி, ஆக 430 எம்பிக்கு மேல். ஒரு ஸ்க்ரீன் திறக்க இவ்வளவு.

மருந்து ஒரு இண்டெக்ஸ், அதாவது முழு டேபிளையும் புரட்டாமல் தேவையான ரோவுக்கு நேராகப் போக உதவும் அட்டவணை:

கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி ஆர்டர்ஸ்_கஸ்ட்_டேட் ஆன் ஆர்டர்ஸ் (கஸ்டமர்_ஐடி, ஆர்டர்_டேட்);

சமன் நிபந்தனையில் வரும் பத்தி முதலில், வரிசைப்படுத்தும் அல்லது வரம்பு பார்க்கும் பத்தி பின்னால். மாற்றிப்போட்டால் இண்டெக்ஸ் இருந்தும் பெரிதாகப் பயன்படாது. கன்கரன்ட்லி சேர்க்காவிட்டால் இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை டேபிளில் யாரும் எழுத முடியாது. சேர்த்தால் மெதுவாகக் கட்டும், ட்ரான்ஸாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது, நடுவில் தோற்றால் "இன்வாலிட்" என்ற குறியோடு செத்த இண்டெக்ஸ் ஒன்றை விட்டுப்போகும். அது வாசிப்புக்கு உதவாது, ஆனால் டேபிளில் எழுதும் ஒவ்வொரு முறையும் பாரமாகக் கூடவே வரும். ட்ராப் செய்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

எக்ஸ்பிளெயினில் அடுத்துத் தேட வேண்டியது கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி. முதல் அடைப்புக்குள் இருக்கும் ரோஸ், க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் ப்ளானரின் ஊகம், இரண்டாவதில் நிஜம். ஊகம் 1, நிஜம் 84,000 என்று கண்டால் அங்கேதான் வினை. ஒரே ஒரு ரோ என்று நம்பி நெஸ்டட் லூப் (வெளியே உள்ள ஒவ்வொரு ரோவுக்கும் உள்ளே ஒருமுறை தேடுவது) போட்டிருக்கும், உள்ளே 0.02 மில்லிநொடி என்று அழகாகத் தெரியும் வரியில் லூப்ஸ்=84000 என்று ஓரத்தில் இருக்கும். பெருக்கினால் 1.7 நொடி. முதலில் அந்த டேபிளில் அனலைஸ் ஓட்டுங்கள் (இது எக்ஸ்பிளெயினுக்குள் வரும் அனலைஸ் அல்ல, டேபிளின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் தனிக் கட்டளை). மொத்தமாக டேட்டா ஏற்றிய கையோடும், பிஜி_அப்கிரேடுக்குப் பிறகும் இது கட்டாயம். 16-ல் அப்கிரேட் பழைய புள்ளிவிவரங்களைக் கொண்டுவராது. "அப்கிரேட் பண்ணினதிலிருந்து எல்லாம் ஸ்லோ" என்ற புகாருக்கு வெர்ஷனைத் திட்டும் முன் அனலைஸ் ஓடியதா என்று கேளுங்கள். அதன் பிறகும் ஊகம் பிசகினால் ஒன்றோடொன்று தொடர்புள்ள பத்திகளைச் சந்தேகியுங்கள். மாவட்டமும் பின்கோடும் ஒரே நிபந்தனையில் வந்தால், இரண்டும் தனித்தனி என்று எண்ணிப் ப்ளானர் சதவீதங்களைப் பெருக்கும். பின்கோடு தெரிந்தால் மாவட்டம் தானாகத் தெரியும் என்பது அதற்குத் தெரியாது. கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மூலம் அதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் எடுபடவில்லை

பத்தியின் மேல் ஃபங்ஷன் போட்டால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. லோயர்(ஈமெயில்) என்று தேடினால் இண்டெக்ஸும் லோயர்(ஈமெயில்) மீதே கட்டப்பட்டிருக்க வேண்டும். நேரத்தோடு கூடிய பத்தியைத் தேதியாக மாற்றி ஒப்பிடுவதற்குப் பதில், அன்று நள்ளிரவு முதல் மறுநாள் நள்ளிரவுக்கு முன் வரை என்று வரம்பாக எழுதுங்கள். டைப் பொருந்தாமையும் சத்தமில்லாமல் கொல்லும்: பத்தி பிக்இன்ட், ஆப் அனுப்புவது நியூமெரிக் என்றால் பத்தியையே நியூமெரிக்காக மாற்றி ஒப்பிடும், இண்டெக்ஸ் வெளியே நிற்கும். பிஎஸ்க்யூஎல்லில் பறக்கும் க்வெரி ஆப்பில் மட்டும் ஊர்ந்தால் இதைப் பாருங்கள்.

ஃபாரின் கீ (ஒரு டேபிளின் பத்தியை இன்னொரு டேபிளின் ரோவோடு பிணைப்பது) போட்டால் அந்தப் பத்தியில் இண்டெக்ஸும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. கஸ்டமர் டேபிளில் ஒரு ரோவை டெலீட் செய்தால், ஆர்டர்ஸில் அவருக்கு ஏதாவது இருக்கிறதா என்று முழு டேபிளையும் புரட்டும். நூறு பேரை டெலீட் செய்தால் நூறு முறை.

தமிழ் உரை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். "தமிழ்" என்பதற்கு லெங்த் கேட்டால் 5, ஆக்டெட்_லெங்த் கேட்டால் 15. நம் கண்ணுக்கு 3 எழுத்து. வார்கேர்(20) என்று வைத்தால் 20 எழுத்துப் பெயர் அடங்காது. இரண்டாவது, "கோயில்" என்று தேடினால் பாதி ரோ கிடைப்பதில்லை என்ற புகார். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், இரட்டைச் சுழிக் கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. லெங்த் போட்டுப் பார்த்தால் ஒன்று கூடும். உள்ளே வரும்போதே நார்மலைஸ்() வழியாக அனுப்பினால் இரண்டும் ஒன்றாகும். வெர்ஷன் 13 முதல் இது உண்டு.

செத்த ரோக்கள்

போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் பழைய ரோவை அப்படியே விட்டுவிட்டுப் புதிய ரோவை எழுதுவது. பழையது யாருக்கும் தேவைப்படாத பிறகு ஆட்டோவாக்குவம் வந்து அந்த இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடும். "ஆட்டோவாக்குவம் சிபியு தின்கிறது" என்று அதை அணைப்பவர்கள் உண்டு. குப்பை வண்டி சத்தம் போடுகிறது என்று நிறுத்துவதற்குச் சமம்.

இயல்பில் அது டேபிளின் 20 சதவீதமும் மேலே 50 ரோவும் செத்த பிறகே வரும். நம் ஆர்டர்ஸ் டேபிளில் அது 8,40,050 ரோ. அதுவரை குப்பை சேரும். பெரிய டேபிளுக்கு மட்டும் தனியாக மாற்றுங்கள்: ஆல்டர் டேபிள் ஆர்டர்ஸ் செட் (ஆட்டோவாக்குவம்_வாக்குவம்_ஸ்கேல்_ஃபேக்டர் = 0.02). இப்போது 84,050-லேயே வரும். அடிக்கடி வந்து சிறிது சிறிதாகத் துடைக்கும்.

பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் என்_டெட்_டப் எண்ணையும் லாஸ்ட்_ஆட்டோவாக்குவம் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். வாக்குவம் சற்றுமுன்தான் ஓடியது, ஆனாலும் செத்த ரோ குறையவில்லை என்றால் யாரோ பழைய காலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: மணிக்கணக்கில் திறந்திருக்கும் ட்ரான்ஸாக்ஷன், கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வரான ரெப்ளிகாவுக்காகப் பிடித்துவைக்கும் இடக்குறி), கமிட் ஆகாத ப்ரிப்பேர்டு ட்ரான்ஸாக்ஷன் (கமிட்டுக்குத் தயாராக்கி நிறுத்திவைத்தது). அவர்களை அகற்றும்வரை வாக்குவத்தை எத்தனை முறை ஓட்டினாலும் வீண்.

வாக்குவம் ஃபுல் வேறு பிராணி. டேபிளை முழுக்கப் புதிதாக எழுதும், அதுவரை வாசிக்கக்கூட விடாது, புதிய பிரதிக்கு டிஸ்க்கில் கூடுதல் இடமும் கேட்கும். இடம் தீர்ந்துபோன சர்வரில் இடம் மீட்க இதை ஓட்டினால் இருக்கும் இடமும் போகும்.

இப்போது கான்ஃபிக்

16 ஜிபி மெஷினுக்குத் தொடக்கமாக இவை போதும். ஷேர்ட்_பஃபர்ஸ் 4 ஜிபி. இயல்பான 128 எம்பி மிகச் சிறியது, ரேமில் கால்பங்கு நல்ல தொடக்கம், 40 சதவீதத்துக்கு மேல் போவதால் பெரும்பாலும் பயனில்லை. எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ் 12 ஜிபி. இது மெமரி எதையும் ஒதுக்காது, கேஷில் எவ்வளவு இருக்கும் என்று ப்ளானருக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. ரேண்டம்_பேஜ்_காஸ்ட் 1.1, இயல்பான 4 என்பது சுழலும் டிஸ்க் காலத்து எண், எஸ்எஸ்டியில் அதை விட்டுவைத்தால் ப்ளானர் இண்டெக்ஸுக்கு அஞ்சும். மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் 512 எம்பி. மேக்ஸ்_வால்_சைஸ் 4 ஜிபி; வால் என்பது மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு, செக்பாயிண்ட் என்பது அவற்றை டேட்டா ஃபைல்களில் எழுதி முடிக்கும் கட்டம். "செக்பாயிண்ட்ஸ் ஆர் அக்கரிங் டூ ஃப்ரீக்வென்ட்லி" என்று லாகில் வந்தால் இதைத்தான் கூட்ட வேண்டும்.

வொர்க்_மெம்தான் ஆளைக் கவிழ்க்கும். இயல்பு 4 எம்பி. இது கனெக்ஷனுக்கு ஒன்று அல்ல, க்வெரிக்கு ஒன்றும் அல்ல. ஒரு க்வெரிக்குள் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனி. ஹாஷுக்கு வெர்ஷன் 15 முதல் இரண்டு மடங்குவரை அனுமதி உண்டு. 64 எம்பி வைத்து, 100 கனெக்ஷனும் ஆளுக்கு மூன்று சார்ட் போட்டால் 19 ஜிபி. மெஷினில் இருப்பதே 16. ஆகவே பொதுவில் 16 எம்பி வைத்துவிட்டு, ரிப்போர்ட் ஓட்டும் யூசருக்கு மட்டும் ஆல்டர் ரோல் மூலம் 128 எம்பி கொடுங்கள். எக்ஸ்பிளெயினில் "சார்ட் மெத்தட்: எக்ஸ்டர்னல் மெர்ஜ் டிஸ்க்" என்று வரும் இடங்களுக்கே கூடுதல் தேவை.

எண்ணை மாற்றியும் மாறவில்லையா? யாரோ முன்பு ஆல்டர் சிஸ்டம் மூலம் அதே செட்டிங்கை வைத்திருக்கலாம். அது போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் என்ற தனி ஃபைலில் போய் உட்காரும். நீங்கள் கையால் திருத்தும் ஃபைலை அது மீறும். பிஜி_செட்டிங்ஸில் சோர்ஸ்ஃபைல் பத்தி எந்த ஃபைல் வென்றது என்று காட்டும், பெண்டிங்_ரீஸ்டார்ட் பத்தி ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருப்பதைச் சொல்லும்.

எழுதியது டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்ததா என்று உறுதிசெய்யும் எஃப்சிங்கை அணைத்தால் வேகம் கூடும் என்று எங்காவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கரண்ட் போனால் டேட்டாபேஸே கெடலாம். எழுதும் வேகம்தான் பிரச்சினை, கடைசி அரை நொடி டேட்டா போனால் பரவாயில்லை என்ற வகை வேலையென்றால், கமிட் டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கச் சொல்லும் சிங்க்ரனஸ்_கமிட்டை அணையுங்கள். சில கமிட்கள் தொலையலாம், டேட்டாபேஸ் கெடாது.

கனெக்ஷன் போதவில்லை என்று மேக்ஸ்_கனெக்ஷன்ஸை 1000 ஆக்குவதும் இதே ரகம். ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி ப்ராசஸ். 4 கோர் மெஷினில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் ஓடினால் எல்லோரும் சேர்ந்து மெதுவாவார்கள். நடுவில், சில கனெக்ஷன்களைப் பலருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் பிஜிபவுன்சர் வையுங்கள், போர்ட் 6432, ட்ரான்ஸாக்ஷன் மோடு (ஒரு ட்ரான்ஸாக்ஷன் முடிந்ததும் கனெக்ஷன் அடுத்தவருக்குப் போகும்). ஆப் பக்கம் 500 கனெக்ஷன் வந்தாலும் டேட்டாபேஸ் பக்கம் 20 போதும். இந்த மோடில் செஷனோடு ஒட்டியவை உடையும்: செட் கட்டளைகள், லிசன், செஷன் அளவிலான அட்வைசரி பூட்டுகள். ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் தகராறு செய்தால் பிஜிபவுன்சர் 1.21-க்கு முந்தையதா என்று பாருங்கள். அதிலிருந்துதான் இந்த மோடில் அவற்றுக்கு ஆதரவு வந்தது.

டிஸ்க் நிரம்பினால்

வால் பதிவுகள் இருக்கும் பிஜி_வால் ஃபோல்டரில் 16 எம்பி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து டிஸ்க் 100 சதவீதம் ஆவது அடிக்கடி நடப்பது. "லாக் ஃபைல்தானே" என்று அதிலிருந்து கையால் எதையும் அழிக்காதீர்கள். சர்வர் எழ ரெகவரிக்குத் தேவைப்படுவதே அந்த ஃபைல்கள்தான். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் ஆக்டிவ் = ஃபால்ஸ் என்று ஒரு ஸ்லாட் இருக்கும்: ரெப்ளிகா மெஷினை எப்போதோ அழித்துவிட்டார்கள், ஸ்லாட்டை அழிக்கவில்லை, அது திரும்பி வரும் என்று போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறது. அல்லது, வால் ஃபைல்களைப் பேக்கப் இடத்துக்கு அனுப்பும் ஆர்க்கைவின் கணக்கான பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் ஃபெயில்டு_கவுண்ட் ஏறிக்கொண்டே இருக்கும்: பேக்கப் போகும் இடம் நிரம்பிவிட்டது அல்லது பாஸ்வேர்ட் மாறிவிட்டது. ஸ்லாட்டை ட்ராப் செய்தால், அல்லது ஆர்க்கைவைச் சரிசெய்தால், அடுத்த செக்பாயிண்டில் போஸ்ட்கிரெஸ் தானே துடைத்துக்கொள்ளும். மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸுக்கு ஒரு வரம்பு வைத்தால் இனி ஸ்லாட்டால் டிஸ்க் நிரம்பாது. வரம்பைத் தாண்டிப் பின்தங்கிய ரெப்ளிகாவை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த வேலையைச் செய்யவும் சர்வர் எழுந்திருக்கக் கொஞ்சம் இடம் வேண்டுமே. அதற்காக டேட்டா இருக்கும் அதே டிஸ்க்கில், ஆனால் டேட்டா ஃபோல்டருக்கு வெளியே, எதற்கும் உதவாத 1 ஜிபி வெற்று ஃபைல் ஒன்றை இன்றே ஃபாலோகேட் மூலம் செய்து போட்டுவையுங்கள். "இடம் தீர்ந்தால் இதை அழிக்கவும்" என்றே பெயர் வைக்கலாம். வேறு யாரும் சுத்தம் செய்கிறேன் என்று முன்கூட்டியே அழித்துவிட மாட்டார்கள்.